ஃப்ரெடி மெர்குரி கேவா, இருபாலீர்ப்பு உள்ளவரா, ஏன் கடைசி வரைக்கும் சொல்லல?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன். குயீன்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஆம்பளைங்களை மட்டும் விரும்புன கேவா, ஆம்பள பொம்பள ரெண்டு பேர் மேலயும் ஈர்ப்பு உள்ளவரா? அப்படின்னா மேரி ஆஸ்டின்னு ஒரு பொண்ணு கூட அத்தனை வருஷம் வாழ்ந்தது என்ன கணக்கு? பின்னாடி ஓப்பரான்னு சொல்ற மேற்கத்திய இசை நாடகத்துல பாடுற ஒரு அம்மாவோட ஜோடி சேர்ந்து பாடினாரே, அது இமேஜை சரி பண்ணிக்கவா? இதெல்லாம் எழுதிட்டு கடைசி வரியில 'ரசிகர்களை ஏமாத்திட்டாரோன்னு மனசுக்கு கஷ்டமா இருக்கு'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, உங்க கேள்வியே அதுதான்னு எனக்குத் தோணுது. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி போட்ட தாளம். அதனால அதை மனசுல வச்சுக்கிட்டே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் ராயபுரம். முப்பது வருஷத்துக்கு மேல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், கல்யாண ரிசப்ஷன், ஆடி மாசக் கோயில் கச்சேரி, சர்ச் கொயர், நடுவுல கொஞ்ச நாள் ஸ்டூடியோ. கத்துக்குடுத்தது பெரம்பூர்ல ரயில்வேல வேலை பாத்த ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், அவர் வீட்டு டேப்ரெக்கார்டர்லதான் குயீனை முதல் தடவை கேட்டேன், அப்புறம் பர்மா பஜார்ல கேசட் தேடித் தேடி வாங்குனேன். நான் பேசறது வாசிக்கிறவன் காதுல இருந்தும், இத்தனை வருஷம் அவங்களைப் பத்திப் படிச்சதுல இருந்தும்தான்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். அவர் பொறந்த பேரு ஃபரூக் புல்சாரா, 1946 செப்டம்பர் 5, சான்சிபார் தீவுல. பார்சிக் குடும்பம், அப்பா பிரிட்டிஷ் சர்க்கார் ஆபீஸ்ல கேஷியர். எட்டு வயசு வாக்குல நம்ம நாட்டுக்கு அனுப்பி பஞ்ச்கனியில போர்டிங் ஸ்கூல்ல போட்டாங்க, 'ஃப்ரெடி'ங்கற பேரும் முதல் பேண்டும் அங்கதான். 1964ல சான்சிபார்ல புரட்சி வந்தப்போ குடும்பத்தோட இங்கிலாந்துக்குத் தப்பிச்சுப் போனாங்க. இதை ஏன் சொல்றேன்னா, எங்க ராயபுரத்துல மேற்கு மாதா கோயில் தெருவுல ஒரு பார்சி அக்னிக் கோயில் இருக்கு, 1910ல கட்டுனது, நான் சின்ன வயசுல இருந்து தினம் அந்த கேட்டைத் தாண்டித்தான் போவேன், அவங்க மதத்துக்காரங்களைத் தவிர வேற யாரையும் உள்ள விட மாட்டாங்க. அந்த அங்கிள்தான் ஒரு நாள் கேசட் அட்டையைக் காட்டி 'இவன் உங்க தெரு நெருப்புக் கோயில் ஜாதிடா'ன்னாரு. நான் நம்பவே இல்ல. ஒரு வெள்ளைக்காரன்னு நினைச்சுக்கிட்டிருந்த ஆளு. அன்னிக்கே ஒண்ணு புரிஞ்சிருக்கணும், இந்த மனுஷன் கிட்ட நாம பாக்காத கதவு நிறைய இருக்கு, எல்லாத்தையும் அவர் பூட்டி வைக்கல, நாமதான் தள்ளிப் பாக்கல.

இப்போ நீங்க கேட்ட விஷயம். அவர் ஆம்பளைங்களோட உறவுல இருந்தாரு, இது உறுதி. ஜிம் ஹட்டன்னு ஒரு ஐரிஷ்காரர், லண்டன்ல முடி வெட்டுற வேலை பாத்தவர், 1985ல இருந்து ஃப்ரெடி சாகுற நாள் வரைக்கும் கூடவே இருந்து பாத்துக்கிட்டாரு. மேரி ஆஸ்டின் கூட 1970 வாக்குல இருந்து 1976 வரைக்கும் ஜோடியா வாழ்ந்தாரு, இதுவும் உறுதி. மேரியே பின்னாடி சொல்லியிருக்காங்க, ஒரு நாள் அவர் வந்து 'நான் இருபாலீர்ப்பு உள்ளவன்னு நினைக்கிறேன்'னு சொன்னப்போ, 'இல்ல ஃப்ரெடி, நீ கேன்னுதான் நான் நினைக்கிறேன்'னு இவங்க பதில் சொன்னாங்களாம். பிரிஞ்சதுக்கு அப்புறமும் அந்தப் பொண்ணுதான் அவருக்கு ரொம்ப நெருக்கம், கென்சிங்டன்ல இருந்த அந்தப் பெரிய வீட்டை அவங்களுக்குத்தான் எழுதி வச்சாரு.

அப்போ கேவா இருபாலீர்ப்பான்னா? மேரி ஒண்ணு சொல்றாங்க, அவர் தன்னைப் பத்தி மேரி கிட்ட சொன்னது வேற ஒண்ணு, ஜெர்மனியில மியூனிக்ல இருந்தப்போ பார்பரா வாலன்டின்னு ஒரு நடிகையோட நெருக்கமா இருந்தாரு, கூட இருந்த நண்பர்கள்லயே ரெண்டு கட்சி இருக்கு. பத்திரிகையில அவர் ஒரு தீர்ப்பா எதையும் சொன்னதில்ல. 1974ல ஒரு இசைப் பத்திரிகைக்கு, டாஃபடில் பூ மாதிரி நான் கேதான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதைச் சிலர் வாக்குமூலம்னு எடுத்துக்கறாங்க, சிலர் கிண்டல்னு எடுத்துக்கறாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டும்தான். உண்மையைக் கிண்டல் மாதிரி சொல்றது ஒரு வழி, எங்க ஏரியாவுலயும் பாத்திருக்கேன், கேக்கறவன் எப்படி வேணா எடுத்துக்கட்டும்னு விட்டுடறது. அதனால என் பதில், வாழ்ந்த வாழ்க்கையைப் பாத்தா ஆம்பளைங்க மேல ஈர்ப்பு இருந்தது நிச்சயம், ஒரு பொண்ணு மேல இருந்த அன்பு பொய்யில்லங்கறதும் நிச்சயம், அதுக்கு என்ன பேர் வைக்கணும்னு அவர் முடிவு பண்ணி ஊருக்குச் சொல்லல, நாம அவருக்காக முடிவு பண்ண வேண்டியதும் இல்ல.

இந்த மாதிரி விஷயத்துல ஆதாரம்னு எதை எடுத்துக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம். அவரே சொன்னது ஒரு ரகம். கூட வாழ்ந்தவங்க சொன்னது ரெண்டாவது ரகம், அதுல அவங்க பாசமும் கோவமும் கலந்திருக்கும். பாட்டை வச்சு ஊகிக்கறது மூணாவது, அதுதான் இருக்கறதுலயே பலவீனம், ஆனா ரசிகர்கள் அதைத்தான் பிடிச்சுக்கறாங்க. 1984ல வந்த 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' வீடியோல நாலு பேரும் பொம்பளை வேஷம், ஃப்ரெடி மீசையோட வேக்குவம் கிளீனர் தள்ளிட்டு வருவாரு, இதைப் பாத்துட்டு 'பாட்டுலயே தன் ரகசியத்தைச் சொல்லிட்டாரு'ன்னு எழுதாத ஆள் இல்ல. ஆனா பாட்டை எழுதுனது ஃப்ரெடியே இல்ல, பேஸ் வாசிக்கிற ஜான் டீக்கன், பொண்டாட்டி புள்ளைன்னு இருந்த அமைதியான மனுஷன். வீடியோ ஒரு இங்கிலாந்து டிவி சீரியலைக் கிண்டல் பண்ணி எடுத்தது, அந்த ஊர்க்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அமெரிக்காவுல முகத்தைச் சுளிச்சாங்க. அதே மாதிரி 1991ல வந்த 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்', அவரே தனக்கு எழுதிக்கிட்ட இரங்கல்னு நினைக்கிறோம், பெரும்பாலும் எழுதுனது குயீன்ல கிட்டார் வாசிச்ச பிரையன் மே. குரல் ஃப்ரெடியோடது, வலி அவரோடது, வார்த்தை நண்பனோடது. எனக்கு இதுதான் இன்னும் கனமா இருக்கு, நண்பன் எழுதிக் குடுத்ததை நின்னு பாடிட்டுப் போன தெம்பு.

இமேஜ்னு பாத்தா அவரோட மீசையைப் பத்திப் பேசியே ஆகணும். 70கள்ல நீள முடி, நகத்துல கறுப்புப் பாலிஷ், வெள்ளை சாட்டின் துணி. 1980ல திடீர்னு முடியை ஒட்ட வெட்டி தடியா மீசை வச்சாரு. ரசிகர்களுக்குப் பிடிக்கல, மேடையில பிளேடும் ரேசரும் வீசுனாங்க. எங்க பக்கத்து ரூம் பசங்க அந்தப் போஸ்டரைப் பாத்துட்டு 'ஹார்பர்ல மூட்டை தூக்குற அண்ணன் மாதிரி கீறாரு'ன்னுதான் சொன்னானுங்க, எங்களுக்கு மீசையும் பனியனும்னா அசல் ஆம்பள. ஆனா அப்போ சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க்குல ஆம்பளைங்களை விரும்புற ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கறதே அந்தத் தோற்றத்துலதான், மீசை, ஒட்ட வெட்டுன முடி, இறுக்கமான ஜீன்ஸ். முன்னாடி இருந்த வேஷத்தைப் பாத்து 'என்னமோ மாதிரி இருக்காரு'ன்னவங்க, இதைப் பாத்து 'இப்போதான் ஆம்பளையா இருக்காரு'ன்னாங்க, அவர் அப்போதான் முன்னை விட வெளிப்படையா இருந்தாரு. அதை மறைச்சார்னு எப்படிச் சொல்றது? பல்லாயிரம் பேர் முன்னாடி அதைப் போட்டுக்கிட்டு நின்னாரே. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சாங்க.

ஒரு விஷயம் சொல்லணும், இதை எங்கயும் எழுதுனதில்ல. எங்க ட்ரூப்ல ஒருத்தன் இருந்தான், என்னை விட ரெண்டு வயசு சின்னவன், டூ வாய்ஸ் பாடுவான். தெரியாதவங்களுக்கு, டூயட்டுல ஆம்பள குரல் பொம்பள குரல் ரெண்டையும் ஒரே ஆளு பாடுறது, கேட்டா சுசீலாம்மா வந்து நிக்கிற மாதிரி இருக்கும். காசிமேட்டுப் பக்கம் ஒரு கூழ் ஊத்துற திருவிழா, ராத்திரி பதினொண்ணு இருக்கும், பாட்டு நடுவுல கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சு 'டேய் நீ ஆம்பளையா பொம்பளையா'ன்னு கத்துனான், கூட்டமே சிரிச்சுது. அவன் மைக்கை விடல. சரணத்துல அடுத்த வரி பொம்பள குரல், அதை இன்னும் மென்மையா, ஒரு பிசிறு இல்லாம எடுத்தான், நான் அவனுக்கு ரெண்டடி பின்னாடி நின்னு வாசிச்சுக்கிட்டிருக்கேன், அவன் இடது கை மைக் ஒயரைச் சுத்திச் சுத்தி இறுக்கிக்கிட்டே இருந்துது, பாட்டு முடியுறப்போ விரல்லாம் செவந்து போயிருந்துது. அடுத்த சீசன்ல அவனை ட்ரூப்ல இருந்து எடுத்துட்டாங்க, 'பேர் கெடுது'ன்னு காரணம். அவன் என்னன்னு யாருக்கும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. நான் ஏன் அன்னிக்கு அவனுக்காக ஒரு வார்த்தை பேசலன்னு இப்பவும் மனசு அறுக்குது. ஃப்ரெடியைப் பத்தி யாராவது 'ஏன் தைரியமா சொல்லல'ன்னு கேட்டா எனக்கு அந்தச் செவந்த விரல்தான் ஞாபகம் வருது. ஒருத்தன் பாடிக்கிட்டே இருந்தான்ல, அதுக்கு மேல என்ன தைரியம் வேணும்?

ஜோடிப் பாட்டு விஷயத்துக்கு வரேன். நீங்க ஓப்பரா அம்மாவை மட்டும் சந்தேகப்படறீங்க, டேவிட் போவிங்கற இங்கிலாந்து ராக் பாடகரோட பாடினதை விட்டுட்டீங்க, அதைக் கவனிச்சீங்களா? 'அண்டர் பிரஷர்' 1981, ஸ்விட்சர்லாந்து மாண்ட்ரூவுல இருக்கற ஸ்டூடியோவுல சும்மா கூடி வாசிச்சதுல பொறந்த பாட்டு. ஜான் டீக்கனோட பேஸ் லைன், ஸ-வும் ப-வும் ரெண்டே சுரம், ஏழு தட்டு, உலகம் பூரா யார் கேட்டாலும் கண்டுபிடிப்பாங்க. நான் புதுசா வர்ற பசங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக்குடுப்பேன், ரெண்டு சுரத்துல எவ்ளோ முடியும்னு தெரியறதுக்கு. போவியும் ஃப்ரெடியும் தனித்தனியா உள்ள போய் மனசுல வந்ததைப் பாடிட்டு அப்புறம் அதையெல்லாம் சேர்த்தாங்க. அந்தப் போவி 1972லயே கல்யாணமாகி ஒரு புள்ளை இருக்கறப்போ 'நான் கே'ன்னு பேட்டி குடுத்தவரு, அப்புறம் இருபாலீர்ப்புன்னாரு, 80கள்ல அதெல்லாம் சொன்னதே தப்புன்னாரு. சொன்ன ஆளோட நிலைமையும் அப்படித்தான் போச்சு, ஒரு தடவை சொல்லிட்டா அதோட தீர்ந்துடாது.

நீங்க சொன்ன அந்த ஓப்பரா அம்மா, மான்செராட் கபாலியே, அவங்க கதை வேற மாதிரி. 1983ல லண்டன் ஓப்பராவுக்கு பாவரோட்டின்னு ஒரு பேர் போன ஓப்பரா பாடகர் பாடறதைக் கேக்கத்தான் ஃப்ரெடி போனாரு, அங்க இந்த ஸ்பெயின் அம்மா வந்து வாயைத் திறந்ததும் அவருக்கு வேற எதுவுமே கேக்கல. அப்புறம் ஸ்பெயின்ல ஒரு பேட்டியில 'என் காதுக்கு உலகத்துலயே பெரிய குரல் அவங்களோடது'ங்கற மாதிரி சொல்லப் போக, 1987 மார்ச்ல பார்சிலோனாவுல நேர்ல சந்திச்சாங்க. தான் மேல்ஸ்தாயியில, பொம்பள குரல்ல பாடி வச்சிருந்த ஒரு ட்யூனை டேப்புல எடுத்துட்டுப் போனாரு, அவங்க கேட்டுட்டு இதை நானே பாடறேன்னு லண்டன் கச்சேரியில பாடிட்டாங்க. இதுல எங்க இருக்கு இமேஜ்? ராக் ரசிகனுக்கு ஓப்பரா கசக்கும், ஓப்பரா ரசிகனுக்கு ராக் பாடகன்னா இளக்காரம், ரெண்டு பக்கமும் அடி வாங்கற வேலை. தன்னை ஆம்பளைன்னு காட்டிக்கணும்னா நாற்பது வயசுல பொம்பள ஸ்தாயியில டேப் போட்டு எடுத்துட்டு யாராவது போவாங்களா? அதோட தேதியைப் பாருங்க, சந்திச்சதுக்கு அடுத்த மாசம், 1987 ஏப்ரல் வாக்குல, அவருக்கு எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் உக்காந்துதான் அந்த ஆல்பம் முழுசையும் முடிச்சாரு, 1988ல வந்துது, அந்த அக்டோபர்ல பார்சிலோனாவுல கபாலியே பக்கத்துல நின்னதுதான் பாடகரா அவர் ஏறுன கடைசி மேடை. எனக்கு இருக்கற நாள்ல நான் யார் பக்கத்துல நின்னு பாடணும்னு ஒருத்தர் எடுத்த முடிவு அது. இதை நான் ஊகமாத்தான் சொல்றேன், ஆனா பாட்டைக் கேட்டா அப்படித்தான் கேக்குது.

சரி, ஏன் சொல்லல? இங்கிலாந்துல 1967 வரைக்கும் ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்திருந்தா குற்றம், ஃப்ரெடிக்கு அப்போ 20, 21 வயசு. சட்டம் போனாலும் பத்திரிகை போகல. 1987லயே அவர் கிட்ட வேலை பாத்த ஒருத்தரே அந்தரங்கத்தை எல்லாம் ஒரு பேப்பருக்கு வித்துட்டாரு. 1988ல உள்ளாட்சி ஸ்கூல்ல இந்த மாதிரி உறவை நல்லவிதமா பேசவே கூடாதுன்னு அந்த நாட்டுல புதுசா சட்டமே போட்டாங்க. வீட்டுல பார்சிப் பெத்தவங்க. அவங்க கிட்ட ஜிம் ஹட்டனைத் தோட்டக்காரர்னுதான் அறிமுகம் பண்ணாராம், ஜிம்மே சொல்லியிருக்காரு. ஆறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைத் தோட்டக்காரர்னு. நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல 'ரூம்மேட்'டுன்னு ஒருத்தர் இருக்காங்க, உங்களுக்கே தெரியும். நம்ம நாட்டுல இந்த உறவைக் குற்றமாக்குன 377வது சட்டப் பிரிவு இதுல இருந்து போனதே 2018 செப்டம்பர் 6, ஃப்ரெடி பொறந்த நாளுக்கு மறுநாள்.

அதுக்கு மேல எய்ட்ஸ். இந்தியாவுல முதல்ல எச்ஐவி கண்டுபிடிச்சது நம்ம சென்னையிலதான், 1986, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலாவும். ராயபுரத்துல இருந்து பஸ்ஸுல கொஞ்ச தூரம்தான். ஆனா எங்க தெருவுக்கு அது எப்படி வந்துதுன்னா, 90கள்ல லாரி ஓட்டுன ஒரு அண்ணன் இளைச்சு இளைச்சுப் போனாரு, கேட்டா டிபின்னாங்க, தாம்பரம் டிபி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவாரு. அவருக்குன்னு வச்ச சில்வர் டம்ளர் அடியில செவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருந்தாங்க, மத்தவங்க மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு. தொட்டா ஒட்டாதுன்னு இப்போ சொல்றோம், அப்போ பெத்த தாயே அந்தப் புள்ளியை வச்சாங்க. அந்தக் காலத்துல உலகத்துலயே பேர் போன ஒரு ஆளு, வாசல்ல கேமராவோட ராத்திரி பகலா ஆளுங்க நிக்கறப்போ, 'எனக்கு இது இருக்கு'ன்னு சொல்லியிருக்கணும்னு நாம கேக்கறோம்.

சொல்லியிருந்தா நல்லது நடந்திருக்கும்னு வாதம் பண்றவங்களும் இருக்காங்க, அதை நான் ஒதுக்க மாட்டேன். 1987லயே அவர் வாயைத் திறந்திருந்தா எத்தனையோ நோயாளிங்க தலை நிமிர்ந்திருப்பாங்க, நோய்க்குப் பணம் சேர்ந்திருக்கும், இதெல்லாம் நியாயமான பேச்சு. கடைசியில 1991 நவம்பர் 23 அன்னிக்குத்தான் அறிக்கை விட்டாரு, தனக்கு எய்ட்ஸ் இருக்குன்னும், கூட இருக்கறவங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தத்தான் இத்தனை நாள் வெளிய சொல்லலன்னும். மறுநாள் ராத்திரி போயிட்டாரு, 45 வயசு. பார்சிப் புரோகிதர்கள் வந்து சடங்கு பண்ணி வழியனுப்பினாங்க. அந்தத் தாமதத்தால யாருக்கோ நஷ்டம்னு வேணா சொல்லலாம், ஏமாத்துனார்னு சொல்ல மாட்டேன். ஏமாத்தறதுன்னா இல்லாததை இருக்குன்னு விக்கறது. அவர் பொய்யா ஒரு கல்யாணம் பண்ணிக்கல, 'நான் அப்படி இல்ல'ன்னு யார் மேலயும் கேஸ் போடல. மத்த பாடகர்களைப் பாருங்க, எல்டன் ஜான் 1976ல இருபாலீர்ப்புன்னு சொல்லிட்டு 1984ல ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு நாலு வருஷத்துல பிரிஞ்சாரு, பின்னாடி வருத்தப்பட்டாரு. ஜார்ஜ் மைக்கேல் 1998ல அமெரிக்காவுல ஒரு பார்க்குல போலீஸ் பிடிச்சதுக்கு அப்புறம்தான் டிவியில சொன்னாரு, அவரா நேரம் குறிக்கல, போலீஸ் குறிச்சுது. ரிக்கி மார்ட்டின் 2010ல தானா எழுதி வெளியிட்டாரு, அதுக்குள்ள உலகம் கொஞ்சம் மாறியிருந்துது. இவங்க யாரையும் ஒரே தராசுல நிறுத்த முடியாது.

இப்போ உயிரோட இருக்கற பாடகர்களைப் பத்தியும் இதே மாதிரி கேள்வி ஓடுது, யார் கூட பாடுனாரு, எந்த டிரெஸ் போட்டாரு, விரல்ல என்ன கலர்னு. நீங்க உங்க கேள்வியில ஒரு பேரை எழுதிட்டு அடிச்சிருந்தீங்க, அடிச்சது நல்லது, அவங்க தானா சொல்ற வரைக்கும் அது அவங்க வீட்டு விஷயம். ஃப்ரெடி விஷயத்துல மட்டும் கூட இருந்தவங்களே எழுதி வச்சுட்டுப் போனதால இவ்ளோ பேச முடியுது.

நீங்க கஷ்டமா இருக்குன்னு எழுதுனதுக்கு என் கிட்ட இருக்கறது கேக்கறதுக்கு ரெண்டு விஷயம்தான், நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு. ஒண்ணு 'பார்சிலோனா' பாட்டு, ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல கண்ணை மூடிக்குங்க. ரெண்டாவது 'தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1991 மே மாசம் எடுத்த வீடியோ, அவர் எவ்ளோ ஒடம்பு வாடியிருக்காருன்னு தெரியக் கூடாதுன்னு கறுப்பு வெள்ளையில விட்டாங்க. பூனைப் படம் போட்ட ஒரு வெயிஸ்ட்கோட், நகரவே தெம்பில்ல, நின்ன இடத்துல இருந்தே பாடுவாரு. கடைசியில நேரா கேமராவைப் பாத்து, இன்னும் உங்களை நேசிக்கிறேன்னு அடிக்குரல்ல சொல்லிட்டு ஃப்ரேமை விட்டு வெளிய போயிடுவாரு. அதுக்கு அப்புறம் அவர் வீடியோ கேமரா முன்னாடி வரல.